இரண்டாம் முறை வெந்த கல்

போடிநாயக்கனூரில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி தேநீரில் ஏலக்காய் இல்லாததுதான். ஊரே மணக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் ஏலம் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூட்டை சுமப்பவர் கடந்து போனால் ஏலம். கடைவாசலில் பழைய சாக்கில் சுருண்டு கிடந்த நாய் எழுந்து உதறினாலும் ஏலம். தேநீரில் மட்டும் இஞ்சி. கடைக்காரரிடம் காரணம் கேட்டேன். "அதெல்லாம் வெளியூருக்குப் போற சரக்குங்க. நாங்க எதுக்கு டீயில போட்டுக்கிட்டு" என்று கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். எங்கள் யாழ்ப்பாணத்திலும் நல்ல மீனெல்லாம் கொழும்புக்குப் போகும். கரையில் இருப்பவர்கள் சூடைமீன் தின்போம். ஆகவே இஞ்சித் தேநீரையே குடித்தேன்.

இரண்டாவது அதிர்ச்சி மலை. தட்டையான ஊரில் பிறந்த எனக்கு உயரம் என்றால் பனைமரம், அதை விட்டால் கோயில் கோபுரம். இங்கே ஒருவர் தக்காளி வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் தெரு முடியும் இடத்தில் மலை நிற்கிறது. பாதியில் மேகம் வேறு. ஊர்க்காரர் ஒருவராவது அதைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே, இல்லை. நான் நடுத்தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் ஓர் ஆட்டோவை மறித்துவிட்டேன். "அக்கா, மலை எங்கிட்டும் போயிறாது. நீங்க ஓரமா வாங்க" என்றார் ஓட்டுநர்.

அவர் சொன்னது சரியில்லை. மலை போகும். எவ்வளவு தூரம் போனது, எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போனது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

நான் யாழ்ப்பாணத்தில் நிலவியல் படிப்பிக்கிறவள். தென்னிந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். அது பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு. ஆனால் ஒட்டிக் கிடந்தபோது எங்கள் தீவு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக் கிடந்தது என்பதில் உலகமெங்கும் சண்டை. அந்தச் சண்டையில் நானும் ஒரு கல்லை எறிந்திருந்தேன். அதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

எள்ளுப்பாகு கிண்டியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பாகு சூடாக இருக்கும்வரை எள்ளு அசையும். ஆறி இறுகிய பின் எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கமே கிடக்கும். கல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டு. கல் சூடேறி ஆறும்போது அன்றைய வடக்கை அவை பிடித்துக்கொள்ளும். எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்பதை அளந்தால், அந்த நிலம் அன்று பூமியில் எந்த இடத்தில் கிடந்தது என்று சொல்லலாம். போடி மலைச்சரிவில் அப்படி ஒரு வெள்ளைக் கல் உண்டு. கடல் மணலாகப் படிந்து, பின் பூமிக்குள் அமுங்கி வெந்து, இந்தியாவும் இலங்கையும் இறுக ஒட்டிக்கிடந்த நாட்களில் ஆறிய கல். வெந்ததில் மணல் பிடித்த திசை அழிந்துபோனது. ஆறும்போது பிடித்த திசைதான் எங்களுக்கு வேண்டியது.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த மலைக்கு வந்து அதைத் துளைத்து எடுத்துப் போனவர் என் பேராசிரியர். நாங்கள் அவரைச் சேர் என்றுதான் சொல்வோம். கல் அவருடையது, அளந்தது நான். விடை அப்பழுக்கில்லாமல் வந்தது. துண்டுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டின. அதை வைத்து நான் வரைந்த வரைபடத்தில் எங்கள் தீவு தமிழ்நாட்டுக் கரையோடு புதுக் கோணத்தில் போய் ஒட்டியது. சேருக்கு ஓய்வு பெறும் வயது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இனிப் போகலாம் என்று சொன்னார். ஆய்வேட்டைப் படித்து மதிப்பிட்ட தேர்வாளர் ஒருவர் மட்டும் அதே இடத்திலிருந்து இன்னும் சில துண்டுகள் அளந்து காட்டினால் நல்லது என்று எழுதியிருந்தார். அந்தச் சில்லறை வேலைக்காகத்தான் இந்தியா வந்தேன். அதை முடித்துக்கொண்டு போனால் எனக்குப் பட்டம்.

மறுநாள் காலை மலைக்குப் போகும் ஜீப்பில் ஏற்றப்பட்டேன். ஏறினேன் என்று எழுத முடியவில்லை. ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அதில் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, ஒருவர் மடியில் இன்னொருவர் இருந்ததால் குழம்பிப்போய் விட்டுவிட்டேன். "வெரசா ஏறுங்கக்கா, லோடு ஆயிருச்சு" என்றார் ஓட்டுநர் செல்லப்பாண்டி. லோடு என்றது எங்களைத்தான் என்று வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் இத்தனை பேர் ஒரு வாகனத்தில் ஏறினால் ஒன்று கலியாணம், இல்லையென்றால் இடப்பெயர்வு.

என் மடியில் துளைக்கருவி. பார்வைக்கு மரமறுக்கும் இயந்திரம் போலவே இருக்கும், வாளுக்குப் பதிலாக நுனியில் ஒரு குழாய். பக்கத்தில் இருந்த பேச்சியம்மா அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மரம் அறுக்கவா போறீங்க?"

"இல்லை அம்மா, கல்லுத் துளைக்க."

"பேச்சு ஒரு மாதிரி இழுக்குதே. மலையாளமா?"

"யாழ்ப்பாணம்."

"சிலோனா? அப்பச் சொல்லுங்க. எங்க பெரியப்பா வகையறா அங்கதான் தேயிலைக்குப் போனாக. போனவுக போனவுகதான்." பிறகு முன்னால் இருந்தவரின் முதுகில் தட்டி, "ஏய், சிலோன்ல கல்லு இல்லையாம்டி, இங்க எடுக்க வந்திருக்காக" என்றார். ஜீப்பே சிரித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் என் உயிர் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கீழே போடி ஒரு கைப்பிடி வெள்ளைப் புள்ளிகளாகக் கிடந்தது. ஜீப்புக்குள்ளோ பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். ஒருத்தி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி இந்தப் பக்கம் சாயும்போது அவள் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்வாள், நூல் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்க் கோயில் கந்தசாமியாரைக் கூப்பிட்டேன்.

மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்பே தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதை. அதில் சற்றுத் தூரம் போனதும் செல்லப்பாண்டி பிரேக் போட்டார். மழையில் சரிவு பெயர்ந்து பாதைமேல் கிடந்தது. ஏலச்செடி, மண், வேரோடு ஒரு பலாமரம், எல்லாம் ஒன்றாகக் கலந்த குவியல். பெண்கள் எந்தப் பரபரப்பும் இல்லாமல் இறங்கிக் குந்தினார்கள். நேரத்தோடே சாப்பிட்டுவிடுவோம் என்று தூக்குவாளிகள் திறந்தன. பேச்சியம்மா எனக்குக் கேப்பைக் களியில் ஓர் உருண்டையும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார். நான் களியை மென்று விக்கியதைப் பார்த்துவிட்டு, "மெல்லப்படாது, முழுங்கணும்" என்றார். கருவாடு மட்டும் எங்கள் வீட்டு ருசி. அதற்காகவே இந்தச் சரிவை மன்னித்தேன்.

கை கழுவ எழுந்தவள் சரிவு பெயர்ந்த இடத்தை அண்ணாந்து பார்த்தேன். சேர் கல்லெடுத்த வெள்ளைத் திட்டு அங்கேயே இருந்தது. அவர் துளைத்த வட்ட ஓட்டைகள்கூடப் பாசி பிடித்துத் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இதுவரை மண்ணும் புதரும் மூடியிருந்த இடத்தில், ஒரு கறுப்புச் சுவர் மேலிருந்து கீழாக நின்றது.

கை கழுவாமலே நின்றேன். அந்தச் சுவருக்கு எங்கள் தொழிலில் டைக் என்று பெயர். பூமியின் அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு ஒரு வெடிப்புக்குள் ஏறி அங்கேயே உறைந்துபோனால் அப்படி நிற்கும். ஏறும்போது பக்கத்துக் கல்லையும் சுட்டுவிடும். சுட்டால், அதுவரை இறுகிக்கிடந்த எள்ளெல்லாம் மறுபடியும் அவிழும். ஆறும்போது பழைய திசையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல்லின் விளிம்பு, சட்டென்று குளிர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கண்ணாடிபோல் நெருங்கி இறுகியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே வெள்ளைக்கல். அதில் சேரின் ஓட்டைகள், எல்லாம் பக்கத்திலேயே.

அந்தக் கல் ஒரு தடவை வெந்தது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஆய்வு செய்தேன். இரண்டாம் தடவையும் வெந்தது தெரியாது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. என் துண்டுகள் காட்டிய திசையை நான் வேறொரு இடத்திலும் பார்த்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இப்படியான கறுப்புச் சுவர்களை மற்றவர்கள் அளந்து வெளியிட்ட திசை ஏறக்குறைய அதுதான். அவை மடகஸ்கார் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் எழுந்தவை. நாங்கள் சொல்லும் காலத்துக்கு எத்தனையோ கோடி ஆண்டுகள் பிந்தியவை. கிட்டத்தில் டைக் எதுவும் இல்லை என்ற தைரியத்தில், அந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று சேரும் நானும் ஒரே ஒரு வரியில் கடந்துவிட்டோம்.

சேர் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார் என்பதும் அந்த நிமிடமே விளங்கியது. நானாக இருந்தாலும் இதையேதான் தேர்ந்திருப்பேன். மலை முழுக்கக் கல் உக்கி, மண்ணாகி, ஏலத்துக்கு உரமாகிக் கிடக்கிறது. இந்தத் திட்டு மட்டும்தான் புத்தம் புதிதாக, தட்டினால் மணிபோல் ஒலிக்கும்படி இருந்தது. எங்கள் ஆட்கள் எப்போதும் உறுதியான கல்லைத்தான் தேடுவார்கள். உக்கின கல்லில் திசை நிற்காது என்று முதல் வகுப்பிலேயே படிப்பிப்போம். நானும் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் இது இவ்வளவு உறுதியாக இருந்ததே மறுபடியும் சுடப்பட்டதால்தான்.

பெண்கள் குவியலைச் சுற்றித் தோட்டத்துக்கு நடந்து போய்விட்டார்கள். செல்லப்பாண்டி என்னைப் போடிமெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மலையாளியின் சாயாக்கடையில் உட்காரவைத்தார். நான் எதுவும் கேட்காமலே புட்டு வந்தது. கூடவே கடைக்காரர், கடலைக் குழம்பு வேண்டுமா வாழைப்பழம் வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். புட்டுக்கு வாழைப்பழமா! வேறொரு நாளாக இருந்தால் எங்கள் ஊர்ச் சம்பலும் சொதியும் இல்லாத பிட்டை எதிர்த்து அங்கேயே ஒரு விரிவுரை நடத்தியிருப்பேன். அன்று பழத்தைப் பிசைந்து, தின்று, கட்டன் சாயாவைக் குடித்து முடித்ததுகூட நினைவில்லை. "மேலுக்கு முடியலையாக்கா?" என்று செல்லப்பாண்டி இரண்டு தடவை கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த நாள் போடியில் இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தபோது சேரிடமிருந்து செய்தி வந்தது. கல் எடுத்தாயிற்றா என்று கேட்டிருந்தார். பதிலை எழுதி எழுதி அழித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது என் மூளை நன்றாகவே வேலை செய்தது. சரிவால் பாதை அடைபட்டுவிட்டது, புதுத் துண்டு எடுக்கவில்லை என்று எழுதலாம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தேர்வாளர் நல்லது என்றுதான் எழுதியிருந்தார், கட்டாயம் என்று எழுதவில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்துவிடும். அன்று மாலைக்குள் ஜேசிபி வந்து மண்ணைத் தள்ளி, சரிவுக்குக் கல்கட்டுக் கட்டப்போவதாகச் செல்லப்பாண்டி வேறு சொல்லியிருந்தார். அந்தக் கறுப்புச் சுவரை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

பதில் அனுப்பாமலே ஜீப்புக்குப் போனேன். துளைக்கருவியை எடுத்துப் போனது ஏன் என்று எனக்கே தெரியாது.

சரிவுக்குக் கீழே எல்லோரும் இறங்கிய பின் பேச்சியம்மா என்னிடம் வந்தார். "நேத்துலருந்து மூஞ்சி சரியில்லையே. என்ன, கல்லு கிடைக்கலையா?"

"கிடைச்சுது. ஆனால் அது சொன்னதெல்லாம் பிழை. இந்தக் கறுப்புக் கல்லு அதைச் சுட்டுப் போட்டுது. நான் பட்டத்துக்கு எழுதினதெல்லாம் இனிச் செல்லாது" என்றேன். அவருக்கு விளங்குமா என்று யோசிக்காமல், ஊரிலிருந்து வந்த ஓர் உறவுக்காரியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன்.

அவர் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தணித்தார். "இதைப் பாத்தது யாரு? நீங்க. அப்புறம் நானு. எனக்குக் கருப்புக் கல்லும் ஒண்ணுதான், வெள்ளக் கல்லும் ஒண்ணுதான். பொழுதடையுறதுக்குள்ள கட்டி மூடிருவாக. பேசாம ஊருக்குப் போயி பட்டத்தை வாங்குங்கத்தா. சொல்லிப்புட்டு எதுக்குக் கெட்ட பேரு வாங்கணும்?"

திடுக்கிட்டுப்போனேன். காலையிலிருந்து எனக்குள் நாகரிகமான தமிழில் ஓடிக்கொண்டிருந்த அதே கணக்கு. இன்னொருவர் வாயால் கேட்டபோது அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது! அவர் அன்பினால்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னுடைய கணக்கில் அந்த அன்பும் இல்லை.

"இல்லையம்மா, எடுக்கத்தான் வேணும்" என்றேன்.

"பெறகு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு நடந்தார். என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்று அவர் முடிவு செய்துவிட்டது முதுகிலேயே தெரிந்தது.

துளைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் அழுத்தமாகப் போகாவிட்டால் குழாய் சூடேறி, துண்டும் கெட்டுவிடும். அதற்கு என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, செல்லப்பாண்டி தோட்டத்துக்கு ஆளனுப்பி ஏலத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பை வரவழைத்தார். திறந்த உடனே மருந்து நாற்றம் முகத்தில் அடித்தது. இந்த மருந்தா நாம் பாயசத்தில் போடும் ஏலக்காய்க்கு என்று நான் கேட்க, "அதான் நாங்க டீயில போடுறதில்லை" என்றார் அவர் சிரிக்காமல். விளையாட்டுக்குச் சொன்னாரா, உண்மையாகவா என்று இன்றுவரை தெரியவில்லை. பம்பை ஊற்றுத் தண்ணீரில் பலமுறை அலசி நிரப்பினோம்.

"மேல மண்ணு தொங்குதுக்கா. சத்தம் கேட்டா மிசினைப் போட்டுட்டு ஓடி வந்துறணும், தெரியுதா?" என்று எச்சரித்துவிட்டு அவர் பம்பை அடித்தார். நான் துளைத்தேன். முதலில் கறுப்புச் சுவரில். அடுத்தது அதன் விளிம்பை ஒட்டிய வெள்ளைக்கல்லில். பிறகு விலகி விலகி, சேரின் ஓட்டைகளையும் தாண்டி, கல் உக்கி உதிரத் தொடங்கும் இடம்வரை. ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது கிட்டே இருப்பவை எல்லாம் கறுப்புக் கல்லின் திசையையே காட்டினால் என் ஆய்வு முடிந்தது. எனக்கு எதிராக நானே சாட்சி சேர்க்கிறேன் என்று தெரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் வடக்கைக் குறித்தபோது அழுகை வந்தது, மறைக்கவில்லை. செல்லப்பாண்டி தண்ணீர் தெறித்ததென்று நினைத்திருப்பார், இல்லையென்றால் அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டார். கடைசித் துண்டு வெளியே வந்தபோது கீழ் வளைவில் ஜேசிபியின் இரைச்சல் கேட்டது.

போடிமெட்டில் கேரளப் பக்கமாக நாலு அடி நடந்தால்தான் தொலைபேசி வேலை செய்கிறது. அங்கே ஒரு தடுப்புக் கட்டையில் உட்கார்ந்து சேரை அழைத்தேன்.

"என்ன பிள்ளை, கல்லு எடுத்தாச்சே?"

"எடுத்தாச்சு சேர். பக்கத்திலை ஒரு டைக் இருக்கு."

வகுப்பில் கேள்வி கேட்கும் அதே குரலில், "எவ்வளவு கிட்ட?" என்றார்.

"நீங்கள் துளைச்ச இடத்திலை நிண்டு கையாலை தொடலாம்."

"அகலம்?"

"ஒரு பஸ்ஸைக் குறுக்கை விடலாம் சேர்."

"கரை இறுகியிருக்கோ?"

"ஓம். கண்ணாடி மாதிரி."

"நான் போகேக்கை அதிலை முழுக்கப் பத்தை" என்றார். சாக்காகச் சொல்லவில்லை. அந்தப் புதரை மனதுக்குள் மறுபடியும் விலக்கிப் பார்ப்பவர்போல் சொன்னார். "அப்ப அந்தத் திசை கேரளத்து டைக்குகளின்ரை திசைதான். தற்செயல் இல்லை."

"அப்பிடித்தான் தெரியுது சேர். அளந்து போட்டுத்தான் முடிவாச் சொல்லலாம்."

"எங்கட தீவு எங்கை நிண்டது?"

"தெரியாது சேர்."

நான்கு ஆண்டு வேலையையும் அவருடைய ஓய்வையும் அந்த ஒரு சொல்லில் போட்டு உடைத்துவிட்டு, அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"உம்மட வரைபடத்தைப் பெரிசா அடிச்சு, சட்டம் போட்டு, முந்தநாள்தான் எங்கட துறை வாசல் மண்டபத்திலை மாட்டினனான்" என்றார். "பெடியள் முன்னாலை நிண்டு படம் எடுக்கிறாங்கள். பிழையான படம் அங்கை ஒரு நாளும் தொங்கக்கூடாது."

நாற்காலியை இழுக்கும் ஓசை தொலைபேசியில் கேட்டது. அவருடைய முழங்கால் வலியைப் பற்றி எங்கள் துறை முழுவதற்கும் தெரியும்.

"ஏறாதேங்கோ சேர்" என்றேன். "நான் வந்து கழட்டுறன்."